உணவுக் குறைப்பும் முதுமையும்: மரபணு ஒழுங்காற்றலின் இரு கால அளவுகள்

ஆய்வுச் சுருக்கம்

உணவைக் குறைத்தால் ஆயுள் நீள்வது ஈஸ்ட் முதல் சுண்டெலி வரை பல உயிரிகளில் கண்டறியப்பட்டுள்ளது. உடலில் உறங்கிக் கிடக்கும் 'ஆயுள் மரபணு' ஒன்று பசியால் விழித்தெழுவதே இதற்குக் காரணம் என்ற விளக்கம் கடந்த கால் நூற்றாண்டில் பரவலாகிவிட்டது. சான்றுகளின் முன் அவ்விளக்கம் நிற்கவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். உணவுக் குறைப்பு மரபணு ஒழுங்காற்றலில் இரு வேறு கால அளவுகளில் செயல்படுகிறது. நாள்கணக்கில் மாறி நாள்கணக்கிலேயே மீளும் படியெடுப்பு மாற்றங்கள் ஒரு வகை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, எளிதில் மீளாத பதிவுகள் மற்றொரு வகை. எவ்வளவு குறைத்து உண்பது என்ற கேள்வியோடு எந்த வயதில், எந்த நேரத்தில், எந்த மரபுப் பின்னணியில் என்ற கேள்விகளும் சம எடை பெறுவது இதனால்தான்.

1. வளர்ச்சித் தடையிலிருந்து சமிக்ஞைக்கு

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே, மேரி குரோவெல், லியனார்ட் மேனார்ட் ஆகியோர் 1935-இல் வெளியிட்ட எலி ஆய்விலிருந்து இத்துறையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். வளர்ச்சி தடைபடும் அளவுக்கு உணவு குறைக்கப்பட்ட எலிகள், வேண்டுமளவு தின்ற எலிகளைவிட நெடுநாள் வாழ்ந்தன. ஆஸ்போர்னும் மெண்டலும் 1917-லேயே இதையொத்த ஒன்றைக் கவனித்திருந்தனர். மெக்கே குழுவினர் தேடியது வளர்ச்சிக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவை. உடல் மெல்ல வளர்ந்தால் மெல்ல முதிரும் என்பது அவர்கள் கண்டதிலிருந்து இயல்பாகக் கிளைத்த விளக்கம்.

அவ்விளக்கத்தை 1982-இல் ரிச்சர்ட் வெயின்ட்ரக்கும் ராய் வால்ஃபோர்டும் அசைத்தனர். ஒரு வயது நிரம்பி, வளர்ச்சி முடிந்துவிட்ட சுண்டெலிகளுக்கு அவர்கள் படிப்படியாக உணவைக் குறைத்தனர். அவற்றின் ஆயுளும் 10 முதல் 20 விழுக்காடு வரை கூடியது. தானாகத் தோன்றும் புற்றுக்கட்டிகளும் குறைந்தன. வளர்ச்சியைத் தடுக்காமலே ஆயுள் நீளுமென்றால் காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும்.

இரண்டாவதாக வந்தது 'எரிப்பு' விளக்கம். குறைவாக உண்டால் உடல் குறைவாக எரிக்கும், கழிவும் சேதமும் குறையும், அதனால் முதுமை தள்ளிப்போகும் என்பது அது. இதில் உடலுக்கு எந்தப் பங்கும் இல்லை. உள்ளே வரும் எரிபொருளின் அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1993-இல் சிந்தியா கென்யன் குழுவினர் வேறொரு பக்கத்திலிருந்து இதற்கு ஒரு சவாலை எழுப்பினர். சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் சிறு புழுவில் டாஃப்-2 என்ற ஒரே மரபணு பழுதானால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இன்சுலினுக்கும் அதைப்போன்ற வளர்ச்சிக் காரணிக்குமான ஏற்பியை உருவாக்குவது அம்மரபணுதான் என்பது பின்னர் தெரியவந்தது. டாஃப்-16 என்னும் இன்னொரு மரபணு இல்லாவிட்டால் இந்த ஆயுள் நீட்டிப்பு நிகழ்வதில்லை. ஆக, புழுவின் ஆயுள் வெறும் தேய்மானக் கணக்கன்று. அதை ஒழுங்காற்றும் வழித்தடங்கள் உண்டு. உணவு வரத்தை உணரும் தடங்களும் அவையே என்பதால் உணவுக் குறைப்பை எரிபொருள் பற்றாக்குறையாகப் பார்ப்பதைவிட ஒரு சமிக்ஞையாகப் பார்ப்பது பொருத்தமாயிற்று.

எரிப்பு விளக்கத்தின் குறையை அண்மைய ஆய்வொன்று நேரடியாகவே காட்டுகிறது. டெக்சாஸில் ஜோசப் தகஹாஷி குழுவினர் 2022-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 30 விழுக்காடு குறைக்கப்பட்ட உணவைப் பகலும் இரவும் பரவலாகப் பெற்ற சுண்டெலிகளின் ஆயுள் 10 விழுக்காடு கூடியது. அதே அளவு உணவை அவற்றின் விழிப்பு நேரமான இரவில் மட்டும் தந்து, பகல் முழுதும் பட்டினி போட்டபோது நீட்டிப்பு 35 விழுக்காடானது. உண்ட கலோரியில் வேறுபாடில்லை. உண்ட நேரம்தான் வேறு. ஆயிரக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாட்டை நாள்தோறும் ஏற்றி இறக்கும் உட்கடிகாரத்தோடு உணவு ஒத்துப்போகிறதா என்பதே இங்கு வேறுபாட்டை உண்டாக்குகிறது. எரிப்புக் கணக்கில் இதற்கு இடமே இல்லை.

2. உணவு மரபணுவை எட்டும் வழிகள்

உட்கொண்ட உணவு உட்கருவை இரு வகையாக எட்டுகிறது. முதல் வகை சமிக்ஞைத் தொடர். உணவு மிகும்போது இன்சுலின் சுரந்து, ஏற்பியைத் தொட்டு, செல்லினுள் ஒரு நொதித் தொடரை முடுக்குகிறது. அத்தொடர் ஃபாக்ஸோ வகைப் படியெடுப்புக் காரணிகளில் பாஸ்பேட்டை ஏற்றி அவற்றை உட்கருவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. புழுவின் டாஃப்-16 இவ்வகையைச் சேர்ந்ததே. உணவு குறைந்தால் ஃபாக்ஸோ உட்கருவுக்குள் நுழைந்து, சேதத்தைப் பழுதுபார்க்கும், வெப்பத்தையும் நச்சையும் தாங்கச்செய்யும் மரபணுக்களை இயக்குகிறது. டார் என்னும் புரதம் அமினோ அமில வரத்தை உணர்ந்து புரத உற்பத்தியை முடுக்கும். செல் தன்னுள் உள்ள பழுதான பாகங்களைத் தானே செரித்துக்கொள்ளும் தன்விழுங்கலை அடக்கும். ஏ.எம்.பி.கே. என்னும் நொதி ஆற்றல் தட்டுப்பாட்டை உணர்ந்து இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும்.

இரண்டாம் வகை அவ்வளவாகப் பேசப்படாதது. டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றப்பட்டுக் குரோமாட்டினாக உட்கருவில் இருக்கிறது. அந்தச் சுற்று இறுகினால் மரபணு அடங்கும், தளர்ந்தால் இயங்கும். இறுக்கத்தை மாற்றும் நொதிகளுக்கு வேண்டிய மூலப்பொருள்கள் வளர்சிதை மாற்றத்தின் அன்றாட விளைபொருள்களே. ஹிஸ்டோனில் அசெட்டில் குழுவை ஏற்றுவதற்கு அசெட்டில் கோ-ஏ வேண்டும். சர்ட்டுயின் வகை நொதிகள் அதை நீக்குவதற்கு என்.ஏ.டி. வேண்டும், மெத்தில் குழுவை ஏற்றுவதற்கு மெத்தியோனின் அமினோ அமிலத்திலிருந்து பிறக்கும் எஸ்-அடினோசில் மெத்தியோனின் வேண்டும். உணவின் அளவும் வகையும் மாறினால் இவற்றின் இருப்பு மாறும். குரோமாட்டின் நொதிகளின் வேகமும் மாறக்கூடும். தூது சொல்லும் புரதம் எதுவும் இடையில் இல்லாமலேயே உணவு மரபணுவைத் தொட வழியுண்டு என்பது இதன் பொருள்.

இவ்விரு வகைகளும் கலோரியின் மொத்தத்தைவிட அதன் உள்ளடக்கத்தை உணர்பவை. பழ ஈக்களில் கலோரியைச் சமமாக வைத்து ஈஸ்டின் பங்கை மட்டும் குறைத்தபோது ஆயுள் அதிகம் நீண்டதையும், சர்க்கரையைக் குறைத்தபோது அந்த அளவுக்கு நீளாததையும் லின்டா பார்ட்ரிஜ் குழுவினர் 2005-இல் காட்டினர். எலிகளின் உணவில் மெத்தியோனினை மட்டும் குறைத்தாலே ஆயுள் நீள்வது 1990-களிலேயே தெரிந்திருந்தது. 'குறைத்து உண்பது' என்ற ஒற்றைத் தொடருக்குள் பல வேறு சமிக்ஞைகள் அடங்கியிருக்கின்றன.

தடங்கள் பல என்பதற்கு மரபியலே நேர்ச் சான்று. தொண்டைத் தசை மெதுவாக இயங்குவதால் குறைவாகவே தின்னும் ஈட்-2 பிறழ்வுப் புழுக்கள் நெடுநாள் வாழ்கின்றன. டாஃப்-2 புழுக்களின் ஆயுள் நீட்டிப்புக்கு இன்றியமையாத டாஃப்-16 இவற்றுக்குத் தேவைப்படவில்லை என்பதை 1998-இல் லகோவ்ஸ்கியும் ஹெக்கிமியும் கண்டனர். 2007-இல் பி.எச்.ஏ.-4 என்ற வேறொரு படியெடுப்புக் காரணி இவற்றுக்கு வேண்டியிருப்பது வெளிப்பட்டது. அதே ஆண்டில் எஸ்.கே.என்.-1 என்ற காரணி தலையிலுள்ள ஓரிணை நரம்புச் செல்களில் செயல்பட்டால்தான் உணவுக் குறைப்பு புழுவின் ஆயுளை நீட்டுகிறது என்று பிஷப்பும் குவாரன்டேயும் காட்டினர். இரண்டே நரம்புச் செல்கள் முழு உடலின் முதுமை வேகத்தை மாற்றுகின்றன என்றால், அதை எரிபொருள் கணக்கால் விளக்குவது கடினம்.

3. 'ஆயுள் மரபணு' என்னும் கருத்தின் எழுச்சியும் திருத்தமும்

பல தடங்கள் தெரிந்த பின்னும் ஒற்றை மரபணு விளக்கம் வலுப்பெற்றதற்குக் காரணம் சர்ட்டுயின் ஆய்வுகள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லியனார்ட் குவாரன்டே குழுவினர், ஈஸ்டில் சர்-2 மரபணுவின் படிகளைக் கூட்டினால் ஆயுள் நீள்வதை 1999-இல் கண்டறிந்தனர். அதன் புரதம் என்.ஏ.டி.யைப் பயன்படுத்தி ஹிஸ்டோனிலிருந்து அசெட்டில் குழுவை நீக்கும் நொதி என்பது 2000-இல் தெரிந்தது. அதே ஆண்டில், வளர்ப்பு ஊடகத்தில் குளுக்கோஸை 2 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைத்தால் ஈஸ்டின் ஆயுள் நீள்கிறது, அதற்கு சர்-2 வேண்டும் என்ற முடிவும் வந்தது. உணவு, வளர்சிதை மாற்றம், குரோமாட்டின், ஆயுள் என்ற நான்கையும் ஒரே கோட்டில் இணைத்ததால் இந்த விளக்கத்தின் கவர்ச்சி பெரிதாயிற்று. 2008-இல் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் நிறுவனம் சர்ட்டுயின் மருந்துகளை உருவாக்கிவந்த சர்ட்ரிஸ் நிறுவனத்தை 72 கோடி டாலருக்கு வாங்கியது.

ஆனால் அதற்கு முன்பே, 2004-இல், கேபர்லினும் கென்னடியும் அவர்கள் குழுவினரும் இதற்கு எதிரான சோதனையை வெளியிட்டிருந்தனர். சர்-2 இல்லாத ஈஸ்ட் விரைவில் இறப்பதற்கு, ரைபோசோம் மரபணுப் பகுதியிலிருந்து கழன்று பெருகும் டி.என்.ஏ. வளையங்கள் ஒரு காரணம். அவ்வளையங்கள் உருவாவதற்கு வேண்டிய ஃபாப்-1 மரபணுவையும் சேர்த்து நீக்கியபோது, சர்-2 அறவே இல்லாத நிலையிலும் குளுக்கோஸ் குறைப்பு ஆயுளை நன்றாகவே நீட்டியது. முதல் சோதனையில் சர்-2 'தேவை' என்று தோன்றியது, அது இல்லாத செல்கள் வேறொரு காரணத்தால் முன்னதாகவே இறந்துவிட்டதால்தான். 2011-இல் பர்னெட் உள்ளிட்டோர், புழுவிலும் ஈயிலும் சர்ட்டுயினைக் கூட்டி ஆயுளை நீட்டியதாகக் கூறிய முந்தைய முடிவுகளை மரபுப் பின்னணியைச் சீராக்கி மீண்டும் சோதித்தனர். கூறப்பட்ட நீட்டிப்பு மறைந்துபோனது.

சர்ட்டுயின்கள் முக்கியமற்றவை என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. சர்ட்-6 மிகுந்த ஆண் சுண்டெலிகள் கூடுதலாக வாழ்வது 2012-இல் வெளியானது. திருத்தப்பட வேண்டியது ஆய்வுத் தர்க்கம். ஒரு மரபணுவை நீக்கினால் உணவுக் குறைப்பின் பலன் நிற்கிறது என்பதாலேயே அப்பலன் அம்மரபணு வழியாக வருகிறது என்றாகிவிடாது. அம்மரபணு இல்லாத உயிரி நோயுற்றிருக்கலாம். மரபணு ஒழுங்காற்றலைப் பற்றிய எந்த முடிவும் இந்த ஐயத்தைக் கடந்து வர வேண்டும்.

4. வேகமான அடுக்கு: படியெடுப்பின் அளவும் தரமும்

உணவுக் குறைப்பால் மரபணு வெளிப்பாடு மாறுவதை முதன்முதலில் பரந்த அளவில் காட்டிய ஆய்வுகளுள் ஒன்று 1999-இல் சியோல்-கூ லீ, வெயின்ட்ரக், ப்ரோலா ஆகியோருடையது. சுண்டெலியின் கெண்டைக்கால் தசையில் 6,347 மரபணுக்களை அவர்கள் அளந்தனர். முதுமையில் தகைவுக்கு எதிர்வினையாற்றும் மரபணுக்கள் உயர்ந்தன. ஆற்றல் உற்பத்திக்கும் உயிரணுப் பொருள்களின் ஆக்கத்துக்கும் உரியவை தாழ்ந்தன. உணவு குறைக்கப்பட்ட விலங்குகளில் இம்மாற்றங்களில் பெரும்பாலானவை முழுமையாகவோ பகுதியாகவோ தடுக்கப்பட்டிருந்தன. 2020-இல் ஒற்றைச் செல் அளவிலான ஆய்வொன்று இதை விரிவாக்கியது. 18 முதல் 27 மாத வயது வரை 30 விழுக்காடு குறைத்து உண்ட எலிகளில், வயதால் நேரும் செல் வகை விகித மாற்றங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தோன்றவில்லை. பல திசுக்களில் நோயெதிர்ப்புச் செல்களின் ஊடுருவலும் அழற்சி மரபணுக்களின் எழுச்சியும் மட்டுப்பட்டிருந்தன.

இத்தகைய பட்டியல்களை வாசிப்பதில் ஓர் இடறல் உண்டு. முதுமையில் உயரும் ஒவ்வொரு மரபணுவும் கேடு செய்வதன்று; சில அக்கேட்டைச் சரிக்கட்ட உயர்பவை. உணவுக் குறைப்பு அவற்றைத் தாழ்த்தினால், காரணம் நீங்கியதால் தாழ்ந்தனவா, எதிர்வினை ஒடுங்கியதால் தாழ்ந்தனவா என்பதைப் பட்டியல் மட்டும் சொல்லாது. எனவே எந்த மரபணு ஏறியது, எது இறங்கியது என்பதற்கு அப்பால், படியெடுப்பு எவ்வளவு பிசகின்றி நடக்கிறது என்ற கேள்வியே இங்குப் பயன் தருவது.

முதிய சுண்டெலியின் இதயச் செல்களில் ஒரே மரபணுவின் வெளிப்பாடு செல்லுக்குச் செல் அதிகமாக வேறுபடுகிறது என்பது 2006-இல் தெரிந்தது. முதுமையின் இயல்பு தவறான மரபணு ஒன்று இயங்குவது மட்டுமன்று, ஒழுங்கே தளர்வது என்பதற்கு இது ஓர் அடையாளம். 2017-இல் ஆர்.என்.ஏ. துண்டுகளை வெட்டி இணைக்கும் பணி வயதோடு சீர்குலைவதையும், அப்பணிக்குரிய எஸ்.எஃப்.ஏ.-1 காரணி இல்லாவிட்டால் உணவுக் குறைப்பு புழுவின் ஆயுளை நீட்டாததையும் ஹார்வர்டில் வில்லியம் மெயர் குழுவினர் காட்டினர். இவ்வரிசையில் வலுவானது 2023-இல் ஜெர்மனியின் கொலோன் நகரக் குழுக்கள் வெளியிட்ட ஆய்வு. டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-2 என்னும் நொதி புழு, ஈ, சுண்டெலி, எலி, மனிதர் ஆகிய ஐந்திலும் வயதாக ஆக வேகமெடுக்கிறது. வேகத்தோடு பிழையும் பெருகுகிறது. உணவுக் குறைப்பும் இன்சுலின் தடத்தின் ஒடுக்கமும் இப்போக்கைப் பெரும்பாலும் திருப்புகின்றன. அந்நொதியை மெதுவாக்கும் பிறழ்வைப் புழுவிலும் ஈயிலும் புகுத்தியபோது ஆயுளே நீண்டது.

முன் பகுதியில் கேட்ட ஐயத்துக்கு இச்சோதனை ஈடுகொடுக்கிறது. இங்கே எதையும் நீக்கி உயிரியை நோயாளியாக்கவில்லை. ஒழுங்காற்றும் கருவியின் வேகத்தை மட்டும் மாற்றினார்கள், பலன் ஆயுளில் தெரிந்தது. உணவுக் குறைப்பு புதிய ஆற்றல் எதையும் எழுப்புவதைவிட, இருக்கும் ஒழுங்கு தளர்வதைத் தாமதப்படுத்துகிறது என்ற வாசிப்புக்கு இது வலுச் சேர்க்கிறது.

5. மெதுவான அடுக்கு: சேர்ந்துவிடும் பதிவுகள்

டி.என்.ஏ.யின் சைட்டோசின் எழுத்துகளில் ஏறும் மெத்தில் குழுக்கள் மரபணு வரிசையை மாற்றாமலே அதன் செயலை மாற்றக்கூடியவை. செல் பிரியும்போது இப்பதிவு புதுச் செல்லுக்கும் நகலாகிறது. வயதாக ஆக இப்பதிவுகள் ஓரளவு கணிக்கத்தக்க முறையில் மாறுவதைக் கொண்டு, 2013-இல் ஸ்டீவ் ஹார்வத் 353 இடங்களின் மெத்திலேற்றத்தை வைத்தே மனித வயதைக் கணக்கிடும் எபிஜெனெட்டிக் கடிகாரத்தை உருவாக்கினார்.

2017-இல் மேகாவா உள்ளிட்டோர் சுண்டெலி, ரீசஸ் குரங்கு, மனிதர் ஆகிய மூவகையிலும் வயதோடு மெத்திலேற்ற ஒழுங்கு சிதறுவதை அளந்தனர். ஆயுள் குறைந்த இனத்தில் அச்சிதறல் விரைவாக நிகழ்கிறது. 7 முதல் 14 வயதுக்குள் 30 விழுக்காடு உணவுக் குறைப்பைத் தொடங்கி 22 முதல் 30 வயதுவரை எட்டிய குரங்குகளின் இரத்தம், அவற்றின் உண்மையான வயதைவிடச் சராசரியாக 7 ஆண்டு இளைய மெத்திலேற்ற வயதைக் காட்டியது. இளமையிலேயே 40 விழுக்காடு குறைக்கப்பட்ட சுண்டெலிகளில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 2 ஆண்டு.

இந்த அடுக்கு எவ்வளவு எளிதில் மீள்கிறது என்பதே முக்கியமான கேள்வி. அதற்கு இரு சோதனைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2003-இல் மெயரும் பார்ட்ரிஜும் உடனாய்வாளர்களும், நிறைய உண்டுவந்த பழ ஈக்களை நடுவயதில் குறைந்த உணவுக்கு மாற்றினர். இரண்டே நாள்களில் அவற்றின் இறப்பு வீதம், வாழ்நாள் முழுதும் குறைத்து உண்ட ஈக்களின் அளவுக்கு இறங்கியது. எதிர்த்திசையில் மாற்றியபோதும் அப்படியே ஏறியது. ஈ கடந்தகால உணவை நினைவில் வைப்பதில்லை.

சுண்டெலி வைக்கிறது. 2019-இல் கொலோனில் 800 சுண்டெலிகளைக் கொண்டு நடந்த மாற்றுச் சோதனையில், வயது முதிர்ந்து 24 மாதத்தில் உணவைக் குறைத்தவற்றுக்குக் கிடைத்த பலன் சொற்பமே. எடை குறைந்தது, பல உறுப்புகளில் மரபணு வெளிப்பாடு புதிய உணவுக்கேற்ப விரைவாக மாறியது. கொழுப்புத் திசுவின் மரபணு வெளிப்பாடு மட்டும் இன்னமும் நிறைய உண்பவற்றைப் போலவே நின்றது. அத்திசுவின் இந்நினைவு முதன்மையாக மைட்டோகாண்ட்ரியா சார்ந்த மரபணுக்களில் தெரிந்தது. இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது: குறைத்து உண்டவை மீண்டும் வயிறார உண்ணத் தொடங்கியபோது அவற்றின் பாதுகாப்பு நிலைக்கவில்லை. முதுமையில் பலனைப் பெறுவது கடினம், இழப்பது எளிது.

ஈக்கும் சுண்டெலிக்கும் ஏன் இந்த வேறுபாடு? பாலூட்டிகளில் மெத்தில் பதிவை ஏற்றிக் காக்கும் முதன்மை நொதிகள் பழ ஈயில் இல்லை என்பது ஒரு குறிப்பு. நினைவுக்கு மெத்திலேற்றமே காரணம் என்று இதனால் நிறுவப்படவில்லை. ஈயிலும் ஹிஸ்டோன் பதிவுகள் உண்டு, சுண்டெலியின் கொழுப்பிலும் வேறு காரணங்கள் இருக்கக்கூடும். ஆயினும் வேகமான அடுக்கு மாறிவிட்ட பின்னும் மெதுவான அடுக்கொன்று பலனைத் தடுக்க முடியும் என்பது இச்சோதனையில் தெளிவாகிறது. 600 நாள் வயதில் ராப்பமைசின் தந்து டார் தடத்தை ஒடுக்கியபோது சுண்டெலிகளின் ஆயுள் நீண்டதை 2009-இல் வெளியான பல ஆய்வகச் சோதனை காட்டியது. அச்சுண்டெலிகள் வேறு இனத்தவை, தொடங்கிய வயதும் சற்று முன்னது என்பதால் நேர் ஒப்பீடு கூடாது. எனினும், முதுமையிலும் டார் தடம் திறந்தே இருக்கலாம், உணவின் வழியாக அதை எட்டும் பாதைதான் தடைப்படுகிறது என்ற ஊகத்துக்கு இது இடமளிக்கிறது.

மெதுவான அடுக்கின் வலிமையை மனிதரிடம் உணர்த்துவது ஒரு துயர வரலாறு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மானிய முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பஞ்சத்தில் வீழ்ந்தது. கருவுற்ற காலத்தை ஒட்டி அப்பஞ்சத்துக்கு ஆளானவர்களின் ஐ.ஜி.எஃப்.-2 மரபணுவில் மெத்திலேற்றம் குறைந்திருப்பது அறுபதாண்டு கழித்து, 2008-இல் கண்டறியப்பட்டது. கருவிலேயே பஞ்சத்தைக் கண்டவர்கள் முதுமையில் விரைவாக மூப்படைவதை மெத்திலேற்ற அளவீடு ஒன்று காட்டுவதாக 2024-இல் மற்றோர் ஆய்வு வெளியானது. வளர்ந்தவர் உடலில் முதுமையைத் தாமதப்படுத்தும் பற்றாக்குறை, கருவில் அதை விரைவுபடுத்துகிறது. உணவின் அளவு மட்டுமே விளைவைத் தீர்மானிப்பதாயின் இந்த எதிர்நிலை தோன்றாது; பதிவு எழுதப்படும் பருவம் எது என்பதும் தீர்மானிக்கிறது.

6. மனிதச் சான்றும் கடிகாரங்களின் முரணும்

மனிதரில் ஆயுளையே அளந்த உணவுக் குறைப்புச் சோதனை இல்லை. நெருங்கி வருவது அமெரிக்காவில் நடந்த காலரி ஆய்வு. உடற்பருமன் இல்லாத 21 முதல் 50 வயது வரையிலான 200-க்கும் மேற்பட்டோர் இரண்டாண்டு பங்கேற்றனர். இலக்கு 25 விழுக்காடு குறைப்பு. சராசரியாக எட்டியது 12 விழுக்காடு அளவே. அவர்களின் இரத்த மாதிரிகளை வைத்து 2023-இல் வெளியான பகுப்பாய்வில், முதுமையின் வேகத்தை அளக்கும் டனீடின்பேஸ் என்ற அளவீடு 2 முதல் 3 விழுக்காடு மந்தப்பட்டிருந்தது. ஃபீனோஏஜ், கிரிம்ஏஜ் என்ற மற்ற இரு கடிகாரங்களிலும் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.

இம்முடிவை 'உணவுக் குறைப்பு மனித முதுமையை மந்தப்படுத்துகிறது' என்று செய்திகள் சுருக்கின. அச்சுருக்கம் மூன்று அளவீடுகளில் இரண்டை விட்டுவிடுகிறது. மற்ற இரண்டும் இதுவரை சேர்ந்த பதிவின் மொத்தத்தை அளப்பவை, டனீடின்பேஸ் நடப்பு வேகத்தை அளப்பது, எனவே இரண்டாண்டில் பின்னது மட்டும் அசைவது இயல்பே என்று ஆய்வாளர்கள் கூறும் விளக்கம் இக்கட்டுரையின் இரு அடுக்கு வாதத்தோடு பொருந்துகிறது. ஆனால் பொருந்துவதே நிறுவுவதாகாது. வேகம் உண்மையிலேயே குறைந்திருந்தால், குறைப்பு தொடரும் நிலையில் பின்னாளில் மற்ற கடிகாரங்களும் பின்தங்க வேண்டும். அதைப் பார்க்காமல் இறப்பு விகிதத்துக்குக் கணக்கை நீட்டுவது அவசரம்.

அதே ஆய்வின் திசு மாதிரிகள் இதைவிட உறுதியான இரு செய்திகளைத் தருகின்றன. தசையில் புரதங்களைச் செம்மையாக வைத்திருக்கும், டி.என்.ஏ.யைப் பழுதுபார்க்கும், ஆர்.என்.ஏ.யை வெட்டி இணைக்கும் மரபணுக்கள் உயர்ந்தன, அழற்சிக்குரியவை தாழ்ந்தன. விலங்குகளில் கண்ட ஒழுங்குக் காப்பு மனிதரிலும் தென்படுகிறது என்பதற்கு இது அடையாளம். யேல் பல்கலைக்கழகத்தின் விஷ்வ தீப் தீட்சித் குழுவினர் கொழுப்புத் திசுவில் பி.எல்.ஏ.2ஜி7 மரபணு தாழ்ந்ததைக் கண்டனர். அம்மரபணுவைச் சுண்டெலியில் நீக்கியபோது வயதுசார் அழற்சி குறைந்தது. மனிதரில் கண்டதை விலங்கில் சோதித்துக் காரணத்தைத் தேடிய இம்முறைதான் பின்பற்றத்தக்கது.

குரங்கு ஆய்வுகளின் முரணும் ஒரு பாடம். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2009-இல் உணவுக் குறைப்பால் முதுமை நோய் இறப்பு குறைவதாக அறிவித்தது. தேசிய முதுமையியல் நிறுவனம் 2012-இல் ஆயுள் நீளவில்லை என்றது. விஸ்கான்சினின் ஒப்பீட்டுக் குரங்குகள் சுக்ரோஸ் மிகுந்த உணவை வேண்டுமளவு தின்றன. மற்றையதில் உணவு இயற்கைப் பொருள்களால் ஆனது, ஒப்பீட்டுக் குழுவின் அளவும் மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. எதனோடு ஒப்பிட்டுக் 'குறைவு' என்கிறோம் என்பதே முடிவைப் பாதி தீர்மானித்துவிட்டது.

மரபுப் பின்னணியின் பங்கு இன்னும் அழுத்தமானது. ஜாக்சன் ஆய்வகம் மரபு வேறுபாடு மிக்க 960 பெண் சுண்டெலிகளில் நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 40 விழுக்காடு குறைப்பு இடைநிலை ஆயுளை 36 விழுக்காடு கூட்டியது. எனினும் ஆயுளைத் தீர்மானிப்பதில் உணவைவிட மரபே பெரிய பங்கு வகித்தது. குறைத்து உண்டவற்றுள் எடையை அதிகம் இழக்காமல் தாங்கியவையே நெடுநாள் வாழ்ந்தன. மெலிவதையே பலனாக எண்ணும் பொதுக் கருத்துக்கு இது நேர் எதிர்.

7. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளை முன்வைக்கலாம். முதலாவது, குறைத்து உண்பதன் பலன் ஒரு மரபணு விழித்தெழுவதால் வருவதன்று. படியெடுப்பின் வேகம், வெட்டியிணைப்பின் துல்லியம், மெத்தில் பதிவின் ஒழுங்கு ஆகிய ஒழுங்காற்றல் பண்புகள் தளர்வதைத் தாமதப்படுத்துவதால் வருவது. இரண்டாவது, இத்தாமதம் இரு கால அளவுகளில் நிகழ்கிறது. வேகமான அடுக்கு எந்த வயதிலும் மாறக்கூடும், மெதுவான அடுக்கு காலம் கடந்தால் ஒத்துழைக்காது. மூன்றாவது, எபிஜெனெட்டிக் கடிகாரம் ஓர் அடையாளமே. அதை ஆயுளாக வாசிக்க உரிமை இல்லை.

இதிலிருந்து ஆய்வுமுறைக்கும் கோரிக்கைகள் எழுகின்றன. இனிவரும் மனிதச் சோதனைகள் குறைப்பைத் தொடங்கும் வயதை மாற்றிப் பார்க்க வேண்டும். குறைப்பை நிறுத்திய பின்னும் அளவீட்டைத் தொடர வேண்டும். இரத்தத்தோடு நின்றுவிடாமல் நினைவு தங்கும் கொழுப்புத் திசுவையும் பார்க்க வேண்டும். பல கடிகாரங்களில் ஒன்று மட்டும் அசைந்தால் அசையாதவற்றையும் அதே எடையோடு அறிவிக்க வேண்டும்.

உணவுக் குறைப்பு என்று ஆய்வகத்தில் சொல்லப்படுவது புரதமும் வைட்டமினும் தாது உப்பும் குறையாமல் ஆற்றலை மட்டும் குறைப்பது. நெதர்லாந்துப் பஞ்சம் காட்டுவதுபோல, சத்துக் குறைவும் பருவப் பிழையும் சேர்ந்தால் அதே ஒழுங்காற்றல் வழிகள் எதிர்த்திசையில் பதிவெழுதும். கருவுற்ற தாய்க்கும் வளரும் குழந்தைக்கும் நலிந்த முதியவருக்கும் 'குறைத்து உண்க' என்ற பொது அறிவுரையை நீட்ட இவ்வாய்வுகளில் ஆதாரம் இல்லை. நடுவயதினருக்கு மிதமான குறைப்பு அழற்சியைத் தணிக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. அவர்களின் ஆயுளை நீட்டும் என்பதற்கு இன்னும் இல்லை.